உபயம் எழுதிய கதவு

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு லாக்கர் வாங்குவது பற்றி முடிவு செய்ய ஆம்பிளைகள் கூடினார்கள். அது பெண்கள் மேல்நிலைப் பள்ளி. படிக்கிறவர்கள் பெண்கள், பாடம் நடத்துகிறவர்கள் பெண்கள், மணி அடிக்கிறவள்கூடப் பெண்தான். பெண் பிள்ளைகள் தங்கள் சாமானை வைக்கும் பெட்டிக்கு எந்த மாதிரி கதவு வேண்டும் என்று தீர்ப்பு சொல்ல மட்டும் மண்டி முதலாளியும் ரைஸ்மில்காரரும் ரிட்டையர்டு தாசில்தாரும் வெள்ளை வேட்டியோடு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். இத்தனை வருஷம் கழித்தும் இதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது.

நடந்தது எண்பதாம் வருஷம், ஜூலை மாதம். என் பெயர் வேதா. திருவண்ணாமலையில் அந்தப் பள்ளியில் மனையியல் டீச்சராக இருந்தேன். எங்கள் தாளாளர் ஆதிமூலம் ஒரு கல்யாணத்துக்காக மெட்ராஸ் போனவர், அங்கே ஏதோ கான்வென்ட்டில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லாக்கர் இருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார். மெட்ராஸில் இருப்பது நம்ம ஊரில் இல்லாமல் போனால் அவருக்குச் சோறு இறங்காது. வேர்க்கடலை வியாபாரம் செய்து மல்லாட்டை மண்டி வைத்திருந்த கண்ணாயிரத்தைப் பிடித்து, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மட்டுமாவது லாக்கர் வாங்கிக் கொடுக்கச் சம்மதிக்க வைத்தார். வேலூர் பட்டறையிலிருந்து மாதிரிக்கு இரண்டு வந்து இறங்கின. இரண்டும் இரும்பு. ஒன்றுக்குக் கம்பி வலைக் கதவு, உள்ளே இருப்பது வெளியே தெரியும். இன்னொன்றுக்கு முழுத் தகட்டுக் கதவு.

தகட்டுக் கதவுதான் வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அதற்குக் காரணம் பொன்னி.

பொன்னி என் வகுப்புப் பெண். கீழ்பென்னாத்தூருக்கும் அந்தாண்டை ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா இல்லை. அம்மா ஆராயி கூலிக்குக் களை எடுத்துத்தான் அவளைப் படிக்க வைத்தாள். நர்ஸ் படிப்பில் சேர வேண்டும் என்று பொன்னிக்கு ஒரு வெறியே இருந்தது. கெட்டிக்காரி. ஆனால் மாதாமாதம் சில நாள் வர மாட்டாள். பிளஸ் ஒன் முழுக்க அப்படித்தான். இந்த வருஷமும் அப்படியே போனால் வருகை குறைந்து பரீட்சை எழுத விட மாட்டார்கள். எப்போது படிப்பு நிற்கும், எப்போது தாலி கட்டலாம் என்று அவளுடைய தாய்மாமன் ஒருத்தன் வேறு காத்துக்கொண்டிருந்தான். தைக்கிற வகுப்பு முடிந்து மற்ற பிள்ளைகள் போன பிறகு ஒருநாள் அவளைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன்.

"தூரமாயிட்டா எப்பிடி டீச்சர் வர்றது?" என்றாள்.

"மத்தவங்க வரலையா? மாத்திக்கத் துணி எடுத்தாந்தா ஆச்சு."

அவள் தையல் மெஷினின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒருக்கா எடுத்தாந்தேன் டீச்சர். பஸ்ல நிக்கிறவங்க பைய உக்காந்துக்கினு இருக்கிறவங்க மடியில வாங்கி வெச்சிக்குவாங்க இல்ல? என் பைய ஒரு ஆளு வாங்கி வெச்சிக்கினாரு. அவரு மடியில அஞ்சாறு பை. டிரைவரு பிரேக்கு போட்டாரு, எல்லாம் கீழ கொட்டிடுச்சு. என் புஸ்தகம், டப்பா, எல்லாம். அந்தத் துணிய எடுத்து அந்தாளு இன்னாதுன்னு விரிச்சிப் பாத்தாரு டீச்சர். கண்டக்டரு, லக்கேஜுக்கு டிக்கெட் எடுத்தியாம்மான்னு கேட்டாரு. பஸ்ஸே சிரிச்சிது."

எனக்கு அந்தக் கண்டக்டரைத் தேடிப் போய் அவன் விசிலைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. "பைய நீயே வெச்சிக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"ஒரு கையில கம்பி, ஒரு கையில சோத்துத் தூக்கு. குடுக்காம நின்னா, அப்பிடி இன்னாதான் வெச்சிக்கினு இருக்கிற உள்ளன்னு கேக்கறாங்க டீச்சர்."

என்னிடம் கொடுத்து வை, வேண்டும்போது வந்து வாங்கிக்கொள் என்றேன். தலையாட்டினாள். ஆனால் வரவில்லை. வந்து கேட்டு வாங்குகிற சாமானா அது? அவளுக்கு வேண்டியதெல்லாம் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு மூடிய பெட்டி. துவைத்து மடித்த துணியை மாதத்தில் பஸ்ஸில் கூட்டமில்லாத ஏதாவது ஒரு நாளில் கொண்டு வந்து அதில் போட்டுப் பூட்டிவிட்டால் போதும், எந்த நாளிலும் பயமில்லாமல் பஸ் ஏறுவாள். பொன்னி ஒருத்தி வாயைத் திறந்து சொன்னாள். சொல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கமிட்டிக்கு முதல் நாள் தலைமையாசிரியை ஜோதியம்மாளிடம் இதைச் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதெல்லாம் கமிட்டியில பேசுற விஷயமா வேதா? நாசூக்கா சொல்லிப் பாரு" என்றார்.

நாசூக்காகச் சொன்னேன். அதற்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள்.

மாதிரி லாக்கர்கள் வேப்பமரத்தடியில் நின்றன. ஆதிமூலம் மாடு வாங்க வந்தவர் போல அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். "வலைக் கதவே இருக்கட்டும்" என்றார். "காத்தோட்டம் ஜாஸ்தி. உள்ள இன்னா வெச்சிருக்குதுங்கன்னும் தெரிஞ்சிடும். வயசுப் பொண்ணுங்க. லெட்டரு கிட்டருன்னு எதனா பூந்துச்சுனா நாளைக்கு நம்மளத்தான் கேப்பாங்க." ரிட்டையர்டு தாசில்தார், சினிமாப் புத்தகமும் வைப்பார்கள் என்று எடுத்துக்கொடுத்தார். எல்லோரும் அவரவர் வீட்டுப் பெண்ணையே கையும் களவுமாகப் பிடித்துவிட்டது போலத் தலையை ஆட்டினார்கள்.

"தகட்டுக் கதவுன்னா தூசி போகாது சார்" என்றேன்.

"தூசிதானே, தட்டிக்கிட்டா போச்சு."

"எலி வரும் சார்."

"வலையில எலி எப்பிடிம்மா பூரும்?"

"குரங்கு கைய விட்டு எடுத்துடும் சார்." எங்கள் ஊரில் இது பொய்யில்லை. கோயில் மதிலிலிருந்து இறங்கி வந்து சோற்றுத் தூக்கையே தூக்கிக்கொண்டு போகும்.

"குரங்குக்கு அவ்ளோ மெல்லிசா விரல் கெடையாதும்மா" என்றார் ஆதிமூலம். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் ஜோதியம்மாளைப் பார்த்தேன். அவர் வேப்பமரத்தின் உச்சியில் ஏதோ காய்த்துத் தொங்குவது போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நானே, "பொம்பளப் பிள்ளைங்களுக்குன்னு சில சாமான் இருக்கும் சார், அது வெளிய தெரியறது நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டேன்.

"இன்னா சாமான்?" என்று கேட்டார் ஆதிமூலம்.

அவருக்கு மூன்று பெண்கள். மூன்றாவது பெண் என்னிடம்தான் படித்தாள். அந்த மனுஷருக்குத் தெரியாதா? அங்கே உட்கார்ந்திருந்த ஒருவருக்காவது தெரியாதா? அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்தச் சொல் என் தொண்டை வரை வந்து அங்கேயே நின்றுகொண்டது. வீட்டிலும் வெளியிலும் சொல்லாமல் சொல்லாமல் வளர்ந்த சொல், ஆம்பிளைகள் முன்னால் எப்படி வெளியே வரும்? கோபத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுதால் அதற்கும் ஒரு பேச்சு பேசுவார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பிய பக்கம் கண்ணாயிரம் நின்றுகொண்டிருந்தார். இந்தப் பேச்சு எதிலும் அவர் கலந்துகொள்ளவில்லை. உள்ளங்கையை விரித்துத் தகட்டுக் கதவின் மேல் வைத்து எதையோ அளந்துகொண்டிருந்தார். எனக்கு விஷயம் புரிந்துபோயிற்று. எங்கள் ஊரில் தர்மம் செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால், வெளிச்சம் வருகிற இடம் பூராவும் உபயம் இன்னார் என்று தங்கள் பெயரை எழுதி அடைத்துவிடுவார்கள்.

"ஐயா, வலைக் கதவுல உங்க பேர எங்க எழுதுறது?" என்று கேட்டேன்.

கண்ணாயிரம் வலைக் கதவைப் பார்த்தார். ஒரு விரலை அதில் வைத்து இழுத்துப் பார்த்தார். எழுத்து நிற்காது என்பது அவருக்கே தெரிந்தது.

"இந்தத் தகட்டுல எழுதலாமா?"

"ஒவ்வொரு கதவுலயும் எழுதலாங்க ஐயா."

"ஒவ்வொண்ணுலயுமா" என்றார். முகம் அப்படியே பூரித்துப்போயிற்று.

அதற்கு மேல் காற்றோட்டமும் இல்லை, லெட்டரும் இல்லை. கொடுக்கிறவரே கேட்ட பிறகு ஆதிமூலத்துக்கும் தகட்டுக் கதவு பிடித்துப்போனது. நான் ஜெயித்துவிட்டேன் என்று எல்லா டீச்சர்களும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்குச் சந்தோஷம் பாதி, எரிச்சல் பாதி. ஒரு பெண்ணின் மானத்துக்கு இல்லாத மரியாதை மல்லாட்டை மண்டியின் பெயருக்கு இருந்தது.

ஆவணி பிறப்பதற்குள் லாக்கர்கள் வந்துவிட்டன. பச்சைப் பெயிண்ட், அதன் மேல் சிவப்பில் ஒவ்வொரு கதவிலும் 'உபயம்: மல்லாட்டை மண்டி கண்ணாயிரம்'. ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டு சாவி. ஒன்று பிள்ளையிடம், இன்னொன்று ஆதிமூலத்திடம். எல்லாச் சாவியையும் பெரிய வளையத்தில் கோத்து அரைஞாணில் மாட்டிக்கொண்டார். அது எதற்கு சார் என்று அதற்கும் போய் நின்றேன். "தொலைச்சிட்டு வந்து நின்னா நீயா வந்து ஒடைப்ப?" என்றார்.

பொன்னி தன் பெட்டியில் ஒரு மஞ்சள் பையை வைத்தாள். அம்மாவின் பழைய நீலப் புடவையைக் கிழித்து, துவைத்து, வெயிலில் காய வைத்து மடித்த துணி. அந்த மாதம் அவள் ஒருநாளும் வராமல் நிற்கவில்லை. அடுத்த மாதமும் நிற்கவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் "உள்ளேன் டீச்சர்" என்று வந்த குரலைக் கேட்டு, நானே அவளைப் பெற்றது போல மகிழ்ந்து போனேன். மற்ற பிள்ளைகளின் பெட்டிகளிலும் மெல்ல மெல்ல சிறு பைகள் சேர்ந்தன. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்புறம் சரஸ்வதி பூஜை வந்தது.

லீவு விடுவதற்கு முன்னால் பள்ளியில் பூஜை போடுவது வழக்கம். வருஷா வருஷம் பீரோ, மேஜை, தையல் மெஷின், மணி எல்லாவற்றுக்கும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்போம். இந்த வருஷம் லாக்கர்தான் புது மாப்பிள்ளை. கண்ணாயிரம் பூஜைக்கு வருகிறார் என்றதும் ஆதிமூலத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு வந்து, இடுப்புச் சாவிகளைப் போட்டு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்திருக்கிறார். உள்ளேயும் துடைத்துப் பொட்டு வைக்க வேண்டுமாம்.

மறுநாள் காலையில் நான் போனபோது தாழ்வாரத்தில் மாவிலை கட்டியிருந்தது. பொரியும் கடலையும் தட்டு தட்டாக இருந்தன. லாக்கர்களுக்கு எதிரே பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். நான் விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். எல்லாக் கதவிலும் கண்ணாயிரத்தின் பெயருக்கு மேலே பளிச்சென்று சந்தனமும் குங்குமமும் இருந்தன. பொன்னியின் கதவில் மட்டும் இல்லை. அதன் கீழே தரை ஈரமாக இருந்தது. பொன்னி கதவைத் திறந்தபடி நின்றாள். உள்ளே அவள் புத்தகங்கள் நனைந்து ஓரமாகக் கிடந்தன. மஞ்சள் பையைக் காணோம்.

ஆதிமூலத்தைத் தேடிப் போனேன். ஆபீஸ் வாசலில் கோலப்பொடி சிந்தியிருப்பதற்காக ஆயாவைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி காரியம் நடக்கிற எடத்துல அந்த மாதிரி துணியெல்லாம் இருக்கலாமாம்மா? மத்த பெட்டியில இருந்த பையெல்லாம் நான் பிரிக்கல. இது தெறந்ததும் எம் மேலயே உழுந்துச்சு. தலை முழுகிட்டுத்தான் மத்த வேலையே பாத்தேன். எடுத்துக் குப்பையில போட்டு, பெட்டியத் தண்ணி ஊத்திக் கழுவச் சொல்லிட்டேன்."

"அது தொவைச்ச துணி சார்."

"தொவைச்சா இன்னா, தொவைக்காட்டி இன்னா. யாருதுன்னு நான் யாருகிட்டயாவது சொன்னனா? பேரே எடுக்கல. கவுரவமாத்தான் நடந்துக்கினேன்."

வரிசையில் ஒரு கதவை மட்டும் மொட்டையாக விட்டுவிட்டு, பெயரை எடுக்கவில்லை என்று பெருமை பேசுகிற மனுஷனை என்ன செய்வது? கையில் கிடைத்ததை எடுத்து அடித்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

பொன்னி நனைந்த புத்தகங்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். "நான் போறேன் டீச்சர்" என்றாள். அழவில்லை. குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் இந்த கேட்டைத் தாண்டினால் திரும்ப வர மாட்டாள். கார்த்திகைக்குள் அந்த மாமன் பந்தல் போட்டுவிடுவான். இரு என்று கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொண்டு நடந்தாள்.

அவள் கேட்டை நெருங்கும்போது கண்ணாயிரத்தின் கார் உள்ளே வந்தது. அவள் ஒதுங்கி நின்றாள். பட்டு வேட்டியோடு இறங்கியவர் நேராக லாக்கர்களிடம்தான் போனார். சாமி படத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. வரிசையாகத் தன் பெயரைப் பார்த்துக்கொண்டே வந்தார். பொன்னியின் கதவுக்கு முன்னால் நின்றார்.

"இதுக்கு ஏன் பொட்டு வெக்கல?"

ஆதிமூலம் ஓடி வந்தார். "அது வந்து, பெயிண்ட் சரியா காயலிங்க."

"எல்லாத்துக்கும் ஒண்ணாத்தானே அடிச்சது? ஆடியில அடிச்ச பெயிண்டா காயல?"

ஆதிமூலம் வாயைத் திறந்தார், மூடினார். கழுத்து வரை வேர்த்துக் கொட்டியது. எதிரே அத்தனை பெண் பிள்ளைகள். ஜூலை மாதம் என் தொண்டையில் நின்ற அதே சொல், இப்போது அவர் தொண்டையில் நின்றது. நன்றாக நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஜென்மத்தில் அப்படி ஒரு திருப்தி எனக்குக் கிடைத்ததில்லை.

"என் பேரு மூளியா நிக்குது" என்றார் கண்ணாயிரம். "உசுரோட இருக்கிறவன் பேர எழுதி, நெத்தியில பொட்டு இல்லாம நிறுத்தி வெச்சிருக்கீங்க. இன்னா காரணம்னு சொல்லுங்க."

"நான் சொல்றேங்க" என்றேன். ஜோதியம்மாள் பின்னால் வந்து என் முந்தானையை இழுத்தார். முந்தானையைப் பிடுங்கிக்கொண்டு சொன்னேன். "பொம்பளைங்க தூரமானா வெச்சிக்கிற துணி அந்தப் பெட்டியில இருந்துது. தொவைச்சி மடிச்ச துணி. படிக்கிற பொண்ணு, படிப்பு நின்னுடக் கூடாதுன்னு கொண்டாந்து வெச்சிருந்தா. இவரு சாவியப் போட்டுத் தெறந்து அதக் குப்பையில வீசிட்டாரு. அதான் பொட்டு வெக்கல."

சொல்லி முடித்தேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. கண்ணாயிரம் என் முகத்தையும் பார்க்காமல் ஆதிமூலத்தின் முகத்தையும் பார்க்காமல் தன் பெயரையே பார்த்தார்.

"அதெல்லாம் எனக்கு எதுக்கு. மொதல்ல பொட்ட வையிங்க" என்றார்.

அவருக்குக் கவலை பொன்னி இல்லை. அப்போதும் ஜெயித்தது அந்தப் பெயர்தான். ஆதிமூலம் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, விரலைத் தோய்த்துக் கதவருகே போனார்.

"அவரு தொடக் கூடாது டீச்சர்."

திரும்பிப் பார்த்தேன். பொன்னி கேட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாள். வந்தவள் ஆதிமூலத்துக்கும் கதவுக்கும் நடுவில் நின்றாள். முதுகு கண்ணாயிரத்தின் பெயரில் சாய்ந்திருந்தது.

"என் பொட்டிய அவரு தொடக் கூடாது" என்றாள். "அந்த இன்னொரு சாவியக் குடுக்கச் சொல்லுங்க."

"ஆபீஸ் சாவிய எப்பிடிக் குடுக்கிறது" என்று ஆரம்பித்தார் ஆதிமூலம். கையிலிருந்த சந்தனம் அவர் பட்டுச் சட்டையில் சொட்டியது.

"குடுத்துத் தொலையும்யா" என்று கத்தினார் கண்ணாயிரம். "நல்ல நேரம் போவுது."

ஆதிமூலம் கிண்ணத்தைக் கீழே வைத்தார். இடுப்பிலிருந்து வளையத்தை எடுத்து, நகத்தால் நெம்பி அந்தச் சாவியைக் கழற்றினார். அவள் கை நீட்டிக்கொண்டுதான் நின்றாள். அந்தக் கையில் போடாமல் லாக்கரின் மேலே வைத்தார். பொன்னி அதை எடுத்தாள். தாவணி நுனியால் சாவியை இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்தாள். அவர் கை பட்ட இடத்தைத் துடைக்கிறாள் என்பது அவருக்கும் புரிந்தது, எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. துடைத்த சாவியை முந்தியில் முடிந்துகொண்டு, கிண்ணத்திலிருந்து சந்தனம் எடுத்துத் தன் கதவுக்குத் தானே பொட்டு வைத்தாள்.

கண்ணாயிரம் பெருமூச்சு விட்டுவிட்டு, கற்பூரம் எங்கே என்று கேட்டார். ஆதிமூலம் வளையத்தைத் திரும்ப இடுப்பில் மாட்டப் போனார். அதற்குள் பக்கத்துப் பெட்டிக்காரப் பெண் அவர் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்து நின்றாள்.